அம்மாவுக்குத் தெரியாம கூடைக்குள்ள வந்த 15 பொருள்கள்! - குட்டிக் குழந்தையைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகும் படப் புத்தகம்

ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? உங்கள் குழந்தையாகத்தான் இருக்கணும்னு இல்லை. அக்கா பையன், அண்ணன் பொண்ணு, பக்கத்து வீட்டு வாண்டு... யாராக இருந்தாலும் சரி. நீங்கள் தக்காளி விலையைக் கேட்டு முடிப்பதற்குள் அந்தக் குட்டிக் கை ஒரு கேரட்டைப் பிடித்திருக்கும். பூக்கார அம்மா கன்னத்தைக் கிள்ளியிருப்பார். பழக்கடைக்காரர் ஒரு வாழைப்பழத்தை நீட்டியிருப்பார். நமக்கு மார்க்கெட் ஒரு வேலை. குழந்தைக்கு அது திருவிழா!

இதை மட்டுமே வைத்து ஒரு அழகான படப் புத்தகம் இருக்கிறது. பெயர், 'பேபி கோஸ் டு மார்க்கெட்'. 2017-ல் வெளியானது. எழுதியவர் அட்டினூக்கே. நைஜீரியாவில் பிறந்து, இப்போது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வாழ்பவர். வாய்மொழியாகக் கதை சொல்லும் கலைஞரும்கூட. படங்கள் ஏஞ்சலா புரூக்ஸ்பேங்க் வரைந்தவை. கதை நடப்பது தென்மேற்கு நைஜீரியாவின் ஒரு சந்தையில்.

"பேசவே ஆரம்பிக்காத குழந்தைக்கு எதுக்குப் புத்தகம்? அதுவும் நைஜீரியா புத்தகம்?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். பதில், குழந்தையின் தட்டில் இருக்கிறது. அடுத்தவர் தட்டைப் பார்த்து அது என்ன சொல்லப் போகிறது என்பதிலும் இருக்கிறது.

கதை இதுதான்!

அம்மா சந்தைக்குப் போகிறார். முதுகில் துணியால் கட்டிய குழந்தை, தலையில் கூடை. சந்தையில் செம கூட்டம். குழந்தை சும்மா இருக்குமா? சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்க்கிறது. அந்த முகத்தைப் பார்த்து மயங்கிப்போகும் வாழைப்பழக்காரம்மா, ஆறு பழங்களைக் கொடுத்துவிடுகிறார். குழந்தை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மீதி ஐந்தையும் அம்மாவின் தலைமேல் இருக்கும் கூடைக்குள் போட்டுவிடுகிறது. அம்மா கவனிக்கவில்லை. அவருக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலே பெருசு.

அடுத்து ஆரஞ்சுக்காரர் ஐந்து கொடுக்கிறார். ஒன்று வாய்க்குள், நான்கு கூடைக்குள். பிறகு 'சின்-சின்' என்ற இனிப்பு பிஸ்கட் நான்கு. ஒன்று வாய்க்குள், மூன்று கூடைக்குள். அடுத்து சுட்ட மக்காச்சோளம் மூன்று. கடைசியாகத் தேங்காய்ச் சில்லு இரண்டு. கணக்கு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது, கவனிச்சீங்களா? மொத்தம் வந்தது 20. குழந்தை சாப்பிட்டது 5. கூடைக்குள் போனது 15!

கூடையை இறக்கிப் பார்க்கும் அம்மாவுக்கு அதிர்ச்சி. 'இதெல்லாம் நான் வாங்கவே இல்லையே!' பதறும் அவரிடம், குழந்தைக்கு நாங்கள்தான் கொடுத்தோம் என்று கடைக்காரர்கள் விளக்குகிறார்கள். அம்மாவுக்கோ ஒரே பெருமை. கொடுத்ததையெல்லாம் அப்படியே பத்திரமாகக் கூடையில் போட்டுவிட்டதே, என்ன சமத்துக் குழந்தை! அடடா, பாவம், இவ்வளவு நேரமாக இது ஒன்றுமே சாப்பிடவில்லையே என்றும் கவலைப்படுகிறார்.

வயிறு முட்டச் சாப்பிட்ட ரகசியம் குழந்தைக்குத் தெரியும். படத்தைப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. எல்லா விஷயமும் பெரியவர்களுக்கு மட்டுமே தெரிந்த உலகத்தில் வாழும் ஒரு குட்டிக்கு, இதைவிட சந்தோஷம் என்ன வேண்டும்?

கூடைக்குள்ள உலகம்!

நைஜீரியாவில் 250-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழ்கின்றன. 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. அங்குள்ள பெரிய சந்தைகளில் இந்தக் கலவையைக் கண்ணாலேயே பார்க்கலாம். லாகோஸ் நகரின் 'மைல் 12' சந்தைக்குத் தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் பெரும்பாலும் நாட்டின் வடக்குப் பகுதியிலிருந்து லாரிகளில் வருகின்றன. விற்பவர் ஒரு மொழி, வாங்குபவர் ஒரு மொழி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக நைஜீரிய பிட்ஜின்.

ஆனால், பல ஊர், பல தேசம் என்று சொல்ல அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குழந்தையின் கூடைக்குள் எட்டிப் பார்த்தாலே போதும்.

வாழைப்பழம்: வாழையின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாவும் நியூ கினியும். நியூ கினியின் மலைப்பகுதியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது.

ஆரஞ்சு: பம்ளிமாஸும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து உருவான பழம். ஆசியாவின் பிள்ளை. 'ஆரஞ்சு' என்ற சொல்லும் நீண்ட தூரம் நடந்து வந்ததுதான். அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', சம்ஸ்கிருதத்தில் 'நாரங்க' என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், அது ஒரு திராவிட வேர்ச்சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள் மொழியியலாளர்கள். நம்ம நாரத்தங்காய் அந்த வேரின் இன்னொரு கிளை. நைஜீரியத் தெருக்களில் ஆரஞ்சை உரித்து சுளை சுளையாகச் சாப்பிடுவது குறைவு. மேல்தோலை மெல்லிசாகச் சீவிவிட்டு, தலைப்பகுதியை வெட்டி, அப்படியே உறிஞ்சுவார்கள்.

சின்-சின்: மைதா, சர்க்கரை, வெண்ணெய், பால் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. படிக்கும்போதே 'அட, இது நம்ம கலகலா ஆச்சே!' என்று தோன்றுகிறதா? கிட்டத்தட்ட அதேதான். பலர் கொஞ்சம் ஜாதிக்காய்த் தூளும் சேர்ப்பார்கள். மைதாவுக்குக் காரணமான கோதுமை பிறந்தது மேற்கு ஆசியாவில். கரும்பு நியூ கினியில். ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில். ஒரு கைப்பிடி பிஸ்கட்டுக்குள் மூன்று ஊர்!

சுட்ட சோளம்: சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவின் தெற்குப் பகுதியில் காட்டுப்புல்லாக இருந்ததை, அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு மக்காச்சோளமாக மாற்றினார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு, அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. இன்றைக்கு நைஜீரியாவில் சுட்ட சோளத்தைத் தேங்காயோடு சேர்த்துக் கடிப்பது சூப்பர் காம்பினேஷன். நாம் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவுவதுபோல! கதையில் சோளத்துக்கு அடுத்து தேங்காய் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தேங்காய்: இதுதான் இருப்பதிலேயே சுவாரஸ்யம். உலகம் முழுவதிலும் இருந்து 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுவை ஆராய்ந்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. தென்னை இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கப்பட்டிருக்கிறது என்றது அந்த ஆய்வு. ஒன்று, பசிபிக் பக்கம். இன்னொன்று இந்தியப் பெருங்கடல் பக்கம், அதாவது தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு இருக்கும் பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவின் தென்னைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. போர்த்துகீசியக் கப்பல்கள் சுமந்து போனவை. ஆக, அந்த நைஜீரியக் குழந்தை கடிக்கும் தேங்காய்ச் சில்லுக்கு நம்ம கடற்கரையோடு சொந்தம் உண்டு!

அதேபோல, நம் சாம்பாரில் மிதக்கும் மிளகாயும் தக்காளியும் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 'எங்க சாப்பாடு', 'உங்க சாப்பாடு' என்று கோடு போட ஆரம்பித்தால், எந்த ஊர் அடுப்பும் எரியாது.

கொசுறும் ஜாராவும்

காய்கறி வாங்கி முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கேட்காமலேயே பையில் திணிப்பார்களே, அந்தக் கொசுறுக்கு நைஜீரியச் சந்தையில் 'ஜாரா' என்று பெயர். பேரம் பேசி முடித்ததும், "கொஞ்சம் ஜாரா போடுங்க" என்று உரிமையோடு கேட்பார்கள். யோருபா மக்களின் சந்தைகளில் பெண் வியாபாரிகளுக்குத் தலைவியாக இருப்பவரை 'இயாலோஜா' என்பார்கள். 'சந்தையின் தாய்' என்று பொருள்.

இந்தப் புத்தகத்தில் குழந்தைக்குக் கொடுக்கும் ஐந்து பேரும் அதற்கு மாமாவோ அத்தையோ கிடையாது. யாரும் காசும் கேட்கவில்லை. "முன்பின் தெரியாதவங்க கொடுக்கிறதை வாங்கிச் சாப்பிடலாமா?" என்ற கவலை இந்தக் காலத்துப் பெற்றோருக்கு வரும். வரணும். ஆனால், இந்தக் குழந்தை தனியாகப் போகவில்லை. அம்மாவின் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்திரமான ஓர் இடத்திலிருந்து உலகத்தைப் பார்க்கிறது. உலகமும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்றை நீட்டுகிறது.

'ச்சீ' எப்போ ஆரம்பிக்குது?

'சாப்பாட்டைப் பார்த்து ஆளை எடைபோடுவது எல்லாம் பெரியவங்க புத்தி, குழந்தைக்கு என்ன தெரியும்' என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு, இரண்டு பேர் சாப்பிடும் வீடியோக்களைக் காட்டினார்கள். எதிர்பாராத ஒன்றைக் கண்டால் குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கும். அதை வைத்து அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று கணிக்கலாம். ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு ஒரே சாப்பாடு பிடிக்கும் என்று அந்தக் குழந்தைகள் எதிர்பார்த்தார்கள். வேறு வேறு மொழி பேசுபவர்களிடம் அப்படி எதிர்பார்க்கவில்லை. சொந்தமாக ஒரு வாக்கியம் பேசத் தெரியாத வயதிலேயே, 'இவங்க ஒரு கூட்டம், இவங்க வேற கூட்டம்' என்று சாப்பாட்டை வைத்துப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது!

இதில் இன்னும் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தைகள், மொழி வேறாக இருந்தாலும் இருவருக்கும் ஒரே சாப்பாடு பிடிக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். பல மொழி பழகிய காதுக்கு அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. இரண்டு, ஒருவர் ஓர் உணவைப் பார்த்து முகம் சுளித்தால், அது எல்லோருக்குமே பிடிக்காது என்று குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். சுளித்தவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் சரி.

அதாவது, நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு 'ச்சீ', குழந்தையைப் பொறுத்தவரை தீர்ப்பு! கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துவது, பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு ஜன்னலைச் சாத்துவது, 'அவங்க அதெல்லாம் சாப்பிடுவாங்க' என்று குரலைத் தாழ்த்துவது... எல்லாவற்றையும் இடுப்பில் இருக்கும் குழந்தை பதிவு செய்துகொண்டே இருக்கிறது.

படத்தில் பார்த்தா வாய்க்குள்ள போகுமா?

இனி உங்கள் வீட்டுப் பிரச்னைக்கு வருவோம். ஒரு வயதில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்ட குழந்தை, இரண்டு வயது ஆனதும் பச்சையாக எதைக் கண்டாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறதா? பயப்பட வேண்டாம். தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். நடக்கப் பழகிய குழந்தை, கண்டதையும் வாயில் போட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இயற்கை கொடுத்த பிரேக் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதற்கு மருந்து, பழக்கம்தான். ஒரு புது ருசி பிடிக்க, பல குழந்தைகளுக்கு 8 முதல் 15 முறை வரை அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாமோ இரண்டாம் முறை துப்பியதுமே, "இவனுக்குப் பீட்ரூட் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

படப் புத்தகம் உதவுவது இங்கேதான். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு வயதை நெருங்கும் குழந்தைகளுக்கு ஒரு காய் பற்றிய படப் புத்தகத்தைத் தினமும் சில நிமிடங்கள், இரண்டு வாரங்களுக்குப் பெற்றோரைக் காட்டச் சொன்னார்கள். செடியிலிருந்து தட்டு வரை அந்தக் காயின் பயணம்தான் புத்தகம். பிறகு தட்டில் வைத்தபோது, படத்தில் பார்த்துப் பழகிய காயைக் குழந்தைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதிலும், அதுவரை அறிமுகமே இல்லாத காய்களில் பலன் நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குப் பழகியது, நாக்குக்குப் பாதி பழகிய மாதிரி!

கண்ணாடியும் ஜன்னலும்

1990-ல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஓர் உவமை சொன்னார். குழந்தைக்குப் புத்தகம் சில நேரம் கண்ணாடி. தன் முகத்தை அதில் பார்க்கும். சில நேரம் ஜன்னல்; அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்கும். சில நேரம் கதவு. அதைத் திறந்து உள்ளேயே போய்விடும்.

எல்லாக் குழந்தைக்கும் கண்ணாடி கிடைப்பதில்லை. 2017-ல், இந்தப் புத்தகம் வெளியான அதே ஆண்டில், பிரிட்டனில் வெளிவந்த குழந்தைகள் புத்தகங்களை ஒரு கல்வி அமைப்பு கணக்கெடுத்தது. 9,115 புத்தகங்களில் கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மைக் கதாபாத்திரம் ஏதாவது ஒன்று இருந்தது வெறும் 391-ல். அதாவது 4 சதவிகிதம். இத்தனைக்கும் இங்கிலாந்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவர் இந்தப் பின்னணியைச் சேர்ந்தவர். அங்கு வளரும் ஒரு நைஜீரியக் குழந்தைக்கு 'பேபி கோஸ் டு மார்க்கெட்' எவ்வளவு பெரிய கண்ணாடி என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு அது ஜன்னல். ஆனால், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிவது என்ன? பேரம் பேசும் அம்மா, கொஞ்சும் கடைக்காரர், சுட்ட சோளம், தேங்காய்ச் சில்லு. கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலிலேயே நம் முகமும் தெரிய ஆரம்பிக்கிறது.

எப்படிப் படிச்சுக் காட்டலாம்?

* பரீட்சை வேண்டாம். 'இது என்ன? அது என்ன?' என்று அடுக்காதீர்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ, அதைப் பற்றிப் பேசுங்கள். வாழைப்பழப் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நின்றாலும் தப்பில்லை.

* உங்க மொழியில சொல்லுங்க. ஆங்கில வரிகளை அப்படியே வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படத்தைப் பார்த்து, "ஒண்ணு வாய்க்குள்ள, அஞ்சு கூடைக்குள்ள" என்று உங்கள் வீட்டுத் தமிழில் சொன்னாலே கதை நகர்ந்துவிடும்.

* கணக்கைத் திணிக்காதீங்க. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தாளம் போதும். மூன்று, நான்கு வயதில் அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்தால் '6-ல் 1 போனால் 5' தானாகப் பிடிபடும்.

* படத்திலிருந்து தட்டுக்கு. படித்த அன்றே ஓர் ஆரஞ்சை கையில் கொடுங்கள். உருட்டட்டும், முகரட்டும். சாப்பிட்டே ஆகணும்னு கட்டாயம் வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கதையில் குழந்தை தேங்காய்ச் சில்லைக் கடிக்கலாம். நிஜத்தில் கடினமான துண்டுகள் குட்டிக் குழந்தையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். துருவியோ, வேகவைத்து மசித்தோ கொடுங்கள்.

* மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆப்பில் ஆர்டர் செய்தால் பத்து நிமிஷத்தில் காய் வந்துவிடும். ஆனால், காய்க்காரம்மா வர மாட்டார். மாதத்துக்கு இரண்டு முறையாவது, உங்களுக்கே பேர் தெரியாத ஒரு கீரையையோ மீனையோ காட்டி, "இதை எப்படிச் சமைப்பீங்க?" என்று விற்பவரிடம் குழந்தையின் முன்னாலேயே கேளுங்கள்.

* இந்தப் புத்தகம் கிடைக்கலையா? சென்னையைச் சேர்ந்த தாரா புக்ஸ் வெளியிட்ட, அனுஷ்கா ரவிசங்கர் எழுதிய 'டு மார்க்கெட்! டு மார்க்கெட்!' ஒரு சிறுமி சந்தையைச் சுற்றும் கதை. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். போனில் படித்தாலும் மடியில் வைத்துச் சேர்ந்து படியுங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டால், அது புத்தகம் இல்லை, இன்னொரு வீடியோ.

இன்னும் மூன்று, நான்கு வருடங்களில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் டப்பாவில், அது இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் வாயிலிருந்து வருவது 'ச்சீ'யா, 'எனக்குக் கொஞ்சம் தர்றியா?'வா? அந்தப் பதிலை இன்றைக்கு உங்கள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது குழந்தை.